மூன்றாம் வரிசையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

விபத்திலும் வெள்ளத்திலும் சேதமடைந்த வாகனங்களைக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக மதிப்பிட்டு அறிக்கை தருவது என் தொழில். ஏழு பேர் அமரும் வண்டிகள் பலவற்றை இருக்கையும் கார்பெட்டும் கழற்றிய நிலையில் பார்க்கும் வாய்ப்பு அந்தத் தொழிலால் கிடைத்தது. குடும்பத்துக்காக அப்படியொரு பழைய வண்டியை வாங்க நினைப்பவர்கள் எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டதால் உங்கள்முன் வந்திருக்கிறேன்.

செகண்ட்ஸ் வண்டி பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டு, அத்துடன் விலைபேச உட்கார்ந்துவிடுகிறார்கள். விற்பவர் துடைத்து மினுக்கி வைத்திருப்பதும் அந்த முன்பகுதியைத்தான். மூன்று வரிசை வண்டியைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து பேர் வண்டிக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக நாம் கொடுக்கும் பணம் அந்தக் கடைசி வரிசைக்காகத்தான். வண்டி பட்ட அடி, அது நின்ற தண்ணீர், சுமந்த பாரம் ஆகியவற்றின் தடயம் அழியாமல் தங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நம் ஊரில் ஏழு பேர் வண்டி என்றால் 2005-இல் வந்த இன்னோவாதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அது சேஸி எனப்படும் தனி அடிச்சட்டத்தின்மேல் பாடியைப் பொருத்திய வண்டி. 2011-இல் வந்த எக்ஸ்.யு.வி. 500, 2021-இல் வந்த எக்ஸ்.யு.வி. 700, அல்கஸார், 2022-இல் வந்த கேரன்ஸ் முதலிய கிராஸ்ஓவர் வகை வண்டிகளில் தனிச் சேஸி கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட ஒரே கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. இதனால் குலுக்கல் குறைகிறது, எடையும் குறைகிறது. ஆனால் பின்னால் பலமாக இடிபட்டால் அடி வாங்குவது அந்தக் கூட்டின் எலும்பே. ஆகையால் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். தரைத்தகட்டில் நெளிவெடுத்த சுத்தியல் தழும்பு, தொழிற்சாலையில் வைத்த ஒழுங்கான வெல்டிங் புள்ளிகளுக்குப் பதிலாகக் கையால் இழுத்த வெல்டிங், ஓரங்களில் மட்டும் நிறம் மாறிய பெயிண்ட் ஆகியவை தென்பட்டால் டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். சில வண்டிகளில் ஸ்டெப்னி அடிப்பக்கம் தொங்குவதால், அங்கே குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே தயாரிப்பாளரின் முத்திரை இருந்து பின்கண்ணாடியில் மட்டும் வேறு முத்திரை இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வண்டி பார்க்கப் போகும்போது வீட்டில் உயரமான ஒருவரையும் முழங்கால் வலியுள்ள ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உயரமானவர் மூன்றாம் வரிசையில் கால் மணி நேரமாவது அமர்ந்திருக்கட்டும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின்பக்கத் தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருப்பதால், முழங்கால் மேலே எழும்பித் தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை போவதற்குள் உறைக்காத இந்தக் குறை வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ போகும்போது நன்றாகவே உறைக்கும். முழங்கால் வலியுள்ளவர் பின்வரிசைக்கு ஏறி இறங்கிப் பார்க்கட்டும். நடுவில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள ஆறு பேர் வண்டியில் இடையே நுழைந்து பின்னே செல்லலாம். நீண்ட ஒரே இருக்கை உள்ள ஏழு பேர் வண்டியில் ஒவ்வொரு முறையும் அதை மடக்கித் தள்ள வேண்டும். பெரியவர்கள் பின்னே அமர வேண்டிய வீட்டுக்கு ஓரிடம் குறைந்தாலும் ஆறு பேர் வண்டியே உகந்தது என்று நான் சொல்வேன்.

சாமான் வைக்கும் இடத்தைப் பற்றி விற்பவர் யாரும் வாய் திறப்பதில்லை. வளைகுடாவிலிருந்து வருகிறவரை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் குடும்பமே புறப்படுவது நம் கன்னியாகுமரி மாவட்டத்து வழக்கம். போகும்போது வண்டி நிறைய ஆட்கள். திரும்பும்போது அவர்களுடன் வந்தவரும், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும். மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிரைபரில் 84 லிட்டர், அல்கஸாரில் 180 லிட்டர், எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர் இடம்தான் மிஞ்சுகிறது. விமானப் பயணத்துக்கான பெரிய பெட்டி ஒன்றே ஏறக்குறைய 100 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஏழு பேரும் அவர்களுடைய சாமான்களும் ஒரே நேரத்தில் இந்த வண்டிகளில் அடங்குவதில்லை என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி ஒத்துக்கொள்வது நல்லது.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும்போதே ஏ.சி.யையும் சோதித்துவிடலாம். சில வண்டிகளில் பின்பக்கத்துக்கென்று தனிக் குளிர்விப்பான் உண்டு. வேறு சிலவற்றில் முன்னே குளிர்ந்த காற்றை ஒரு விசிறி பின்னே தள்ளுகிறது, அவ்வளவுதான். விலைபேசும் நேரத்தில் நிழலில் நிறுத்திய வண்டி எப்படியும் குளிரும். நண்பகலில், கதவுகளை மூடி, ஆட்களை நிறைத்து, கடைசி வரிசையில் இருப்பவருக்குக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நட்சத்திரக் கணக்கைச் சொல்லித்தான் விற்கிறார்கள். வண்டிகளை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் எக்ஸ்.யு.வி. 700 பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 2021-இல் 5 நட்சத்திரமும், கேரன்ஸ் 2022-இல் 3 நட்சத்திரமும் பெற்றன. அந்த மோதல் சோதனைகளில் பெரியவர்களைக் குறிக்கும் பொம்மைகள் முன்னிருக்கைகளிலும் குழந்தைகளைக் குறிக்கும் பொம்மைகள் நடுவரிசையிலும் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசையில் எதுவும் வைக்கப்படுவதில்லை. ஆகவே அங்கே அமரப்போகும் பிள்ளைகளுக்காக நாமேதான் பார்க்க வேண்டும்: தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் முழு பெல்ட் இருக்கிறதா, தலைத்தாங்கி உயர்கிறதா, தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பவற்றை. வண்டி எப்போது தயாரானது என்பதும் முக்கியம். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்தும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. முன்னால் பக்கத்தில் அமர்பவருக்கான ஏர்பேக் 2021 முடியும்போதுதான் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில், விலை குறைந்த வகையில் இவை இல்லாமலே இருக்கக்கூடும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2021 நவம்பரில் நம் மாவட்டம், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னை, அதே மாதத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் என்று நம்மைச் சுற்றி அடுத்தடுத்து வெள்ளம் வந்திருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை முழு இழப்பாகக் கருதித் தொகையைக் கொடுத்துவிட்டு, கிடக்கும் வண்டியை அதிக விலை கேட்பவருக்கு விற்பது வழக்கம். அப்படிப் போன வண்டிகளில் சில கழுவிச் சீர்செய்யப்பட்டு, வெள்ளத்தின் பேரே அறியாத ஊர்களில் விற்பனைக்கு நிற்கின்றன. தண்ணீரில் நின்ற வண்டி உடனே படுத்துவிடாது. வயர் இணைப்புகளில் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து, கண்ணாடி இறங்காமலும் ஏர்பேக் விளக்கு அணையாமலும் ஒவ்வொன்றாகத் தொல்லை தொடங்கும்.

இதைக் கண்டுபிடிக்கவும் மூன்றாம் வரிசைக்கே போக வேண்டும். முன்னிருக்கை பெல்ட்டைப் புதிதாக மாற்றுபவர்கள் பின்வரிசை பெல்ட்டை மாற்றச் செலவழிப்பதில்லை. அதைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடோ பூஞ்சை நாற்றமோ இருக்கும். இருக்கையைத் தரையில் பிடிக்கும் போல்ட்டுகளின் துரு, டிக்கியின் ஓரப் பெட்டிகளில் தங்கிய நுண்மணல், கார்பெட்டுக்கு அடியில் ஈரம் ஆகியவை அடுத்த சாட்சிகள். இவற்றைவிட எளிய வழி ஒன்றும் உண்டு: பழைய காப்பீட்டுப் பத்திரங்களைக் கேளுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஏறிவந்த தள்ளுபடி ஓர் ஆண்டில் திடீரென்று சுழியமாகியிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டில் ஏதோ நடந்திருக்கிறது. பத்திரங்கள் தொலைந்துவிட்டன என்ற பதிலை நான் நல்ல பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் வெட்டவெளியில் நின்ற வண்டிக்கு வெள்ளம் தேவையில்லை, உப்புக்காற்றே போதும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பின்பக்க அடிப்பாகம், சைலன்சர், பிரேக் குழாய்கள், கதவின் அடிமடிப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்துக்குள் அடித்ததுபோல் கறுப்புக் கோட்டிங் பளபளத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலாவது தட்டிப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டிகள் நிறையக் கிடைக்கின்றன, அவற்றில் பல உண்மையாகவே ஓடாதவை. வெளிநாட்டில் வேலை செய்பவர் விடுமுறையில் வாங்கி, ஒரு மாதம் ஓட்டிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன வண்டி அது. மீட்டரைத் திருப்பிய வண்டியை விட அது நேர்மையான வண்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நின்ற இடத்திலேயே டயர் ஒருபக்கம் தட்டையாகிறது, பிரேக் தட்டு துருப்பிடிக்கிறது, ஏ.சி. சீல்கள் காய்ந்து வாயு கசிகிறது, பேட்டரி செத்துப்போகிறது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீடென்றால் எலி வயரைக் கடிக்கிறது. எலிகளுக்கு வயர் உறையில் அப்படி என்ன ருசியோ தெரியவில்லை. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்து டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது.

டீசல் வண்டியாக இருந்தால் இதில் இன்னொரு சிக்கலும் சேரும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி சற்று நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்தே பழகிய வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்குப் பெருந்தொகை ஆகும். வருடம் முழுவதும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓட்டப்போகிற குடும்பம் டீசல் வண்டியை விட்டுப் பெட்ரோல் வண்டி பார்ப்பதே மேல்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாக ஓட்டிப் பயனில்லை. குடும்பத்தை ஏற்றி, மூன்று வரிசையும் நிறைந்த வண்டியைக் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் ஏற்ற இறக்கச் சாலையில் ஒருமுறையும், ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு பக்கத்து நான்குவழிச் சாலையில் ஒருமுறையும் ஓட்ட வேண்டும். பாரத்தோடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் வழுக்குகிறதா, மேட்டில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தரையைத் தொடுமளவு அமுங்குகிறதா, வேகத்தில் ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கிறதா என்பவை ஆள் இல்லாத வண்டியில் தெரியாது. மேற்குப் பகுதி ஊர்களில் வீடிருப்பவர்கள் தங்கள் வீட்டு இடைவழியில் வண்டி திரும்புமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 கொடுத்து அதை நீக்கச் சொல்லிவிட்டுப் பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. முன்பு மஞ்சள் பலகையில் வாடகைக்கு ஓடிப் பின்னர் சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டியா என்பதைப் பதிவு விவரத்தில் பாருங்கள். காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் தள்ளுபடி உங்களுக்கு வராது.

களியக்காவிளை தாண்டினால் கேரளப் பதிவு வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன என்று பலரும் போகிறார்கள். அந்த வண்டிக்குப் படிவம் 28-இன்படி அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். 12 மாதங்களுக்குமேல் இங்கே வைத்து ஓட்டுவதானால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். கேரளத்தில் முன்பு கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறுவது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வண்டியின் வயதுக்கு இங்கே எவ்வளவு வரி வரும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையைச் சொன்ன விலையோடு கூட்டிப் பாருங்கள். அதன்பின் பக்கத்துத் தெருவில் நிற்கும், நாகர்கோவிலில் பதிவான டி.என். 74 வண்டியே மலிவாக இருப்பதும் உண்டு.

நன்றி, வணக்கம்.