தெரிந்த சொல் ஏன் வாயில் வருவதில்லை?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலச் செய்தித்தாளை ஓரளவு புரிந்துகொண்டு படித்துவிடுவோம். பேசவோ நாலு வரி எழுதவோ உட்கார்ந்தால் மட்டும் பழகிப்போன அதே சில சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இந்த இடத்தில் நிற்பவர்களுக்கான உரை இது.

புதுச் சொல் போதவில்லை என்று நினைத்து, தடித்த சொற்பட்டியல் ஒன்றை வாங்கி 'ஏ' எழுத்திலிருந்து மனப்பாடம் செய்யப் பலர் தொடங்குகிறார்கள். அகரவரிசைக்கு எது அடிக்கடி வரும் சொல், எது ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் படும் சொல் என்று தெரியாது. டாக்காவில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் சுமார் 2000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்) கொண்ட பொதுப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும். முதலில் அதில் உங்களுக்குத் தெரியாத சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிப் பாடம் படிப்பவர்கள் அடுத்து மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் கல்வி நூல்களிலிருந்து 2000ஆம் ஆண்டில் தொகுத்த 570 சொற்குடும்பங்களை எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தாங்கள் படிப்பதிலிருந்தே சொல்லைப் பொறுக்குவது நல்லது.

எதைப் படிப்பது? ஒரு பக்கத்தில் நூறு சொற்களை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமலே படிக்கலாம். அர்த்தத்தைச் சூழலே காட்டிவிடும். ஐந்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள். ஊகிக்க உதவ வேண்டிய பக்கத்துச் சொற்களும் தெரியாதவையாக இருக்கும்போது ஊகம் தப்பாகத்தான் போகும். தெரியாத சொல் முதல்முறை வந்தால் பென்சிலால் ஒரு புள்ளி போதும். ஒரு வாரத்துக்குள் மறுபடி எதிர்ப்பட்டால்தான் அதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். இடைநிலையில் இருப்பவர்களுக்கு உண்மையான குறை, பாதி தெரிந்த சொற்கள். 'மிஸ்டேக்' என்ற சொல் யாருக்குத் தெரியாது? ஆனால் தமிழில் 'தவறு செய்தேன்' என்பதால் 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்குத் துணை 'மேக்'. கனவை நாம் காண்கிறோம். அவர்கள் 'ஹேவ்' போடுகிறார்கள். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், அங்கே 'டேக்'. பொய்யை 'சே' பண்ண முடியாது, 'டெல்' தான். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபௌட்' வராது. நம் பேச்சில் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்கள் இன்னும் மோசம். வகுப்பில் கேள்வி கேட்க எழும் மாணவர் 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறார். வெளிநாட்டு ஆசிரியர் காதில் அது 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று விழக்கூடும். 'கொஸ்டின்' என்றாலே வேலை முடிந்துவிடும்.

ஆகவே சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அதன் துணையோடு எழுதுங்கள். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போதும். முன்பக்கம் நீங்கள் படித்த வாக்கியம். குறிப்பிட்ட சொல் இருந்த இடத்தில் கோடு, முதல் எழுத்து மட்டும். கீழே தமிழில் பொருள். தமிழ் கூடவே கூடாது என்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் பிடிப்புக்குத் தாய்மொழிதான் வேகமான வழி. பின்பக்கம் முழுச் சொல், அதோடு சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்கள், அழுத்தம் விழும் அசையின் கீழே ஒரு கோடு. அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள். 'எகானமி'யில் இரண்டாம் அசையில் விழும் அழுத்தம் 'எகனாமிக்' என்றதும் மூன்றாம் அசைக்குப் போய்விடுகிறது. இடம் மாறி அழுத்தினால், சரியான சொல்லே கேட்பவருக்குப் புரியாமல் போகும்.

அட்டையைப் புரட்டிப் படித்துக்கொண்டே போவது படிப்பு ஆகாது. முன்பக்கத்தைப் பார்த்து, சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதன்பிறகே திருப்ப வேண்டும். நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் அந்த முயற்சிதான் சொல்லைப் பதிய வைக்கிறது. எப்போது திருப்பிப் பார்ப்பது? 1970களில் ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறை இன்றும் செல்லும். ஐந்து அறைகள். முதல் அறையை நாள்தோறும் பாருங்கள். அடுத்தவற்றை மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். கைப்பேசிச் செயலிகள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

நாளுக்கு ஐந்து புதுச் சொற்கள் போதும். ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து முறை திரும்பி வரும், ஆக ஓரிரு மாதத்தில் தினமும் முப்பது அட்டையாவது முன்னால் நிற்கும். அட்டைக்குப் பத்து விநாடி என்றால் ஐந்து நிமிடம். ஆர்வத்தில் நாளுக்கு இருபது சேர்த்தால் அதுவே நூற்றுக்கு மேல் போய்விடும். அலுத்துப்போய்ப் பெட்டியையே மூடிவிடுவார்கள்.

இன்னொரு பொறி, ஜோடி ஜோடியாகப் படிப்பது. 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால், கடன் வாங்குவது எது, கொடுப்பது எது என்று கடைசிவரை குழப்பம் தீராது. ஒன்றை முதலில் நிலைக்க விடுங்கள், இரண்டு வாரம் கழித்து மற்றது. நிறங்கள், காய்கறிகள் என்று ஒரே இனத்தை மொத்தமாகப் படிப்பதிலும் இதே சிக்கல் உண்டு, பாடநூல்கள் என்னவோ அப்படித்தான் அடுக்கித் தருகின்றன.

மூன்றாம் அறையைத் தாண்டிய சொற்களை எழுத்துக்கும் பேச்சுக்கும் கொண்டுவர வேண்டும். வாரம் ஒருநாள் அப்படிப்பட்ட ஐந்து அட்டைகளை எடுத்து, அன்று நடந்ததைப் பற்றி ஆறேழு வரி எழுதுங்கள், பிறகு தாளைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்தச் சொல்லில் நாக்கு தடுக்கியது என்று பதிவே காட்டும். அந்த அட்டையை மீண்டும் முதல் அறையில் போடுங்கள். ஆறேழு முறை முதல் அறைக்கே திரும்பும் அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதிப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லையா, கிழித்துப் போட்டுவிடுங்கள். தேவையான சொல் என்றால் படிப்பில் அதுவே மறுபடி எதிரே வரும்.

வணக்கம்.