மரங்கொத்தியின்ர முதுகு என்ன கலர்?

எல்லாருக்கும் வணக்கம். பின்வாங்கில போனோட இருக்கிற தம்பிமாருக்கும் சேத்துத்தான். என்னை அறிமுகப்படுத்தின டீச்சர் "புகைப்படக் கலைஞர்" எண்டு சொன்னவா, நான் கலைஞர் ஒண்டுமில்லை, ஏ9 ரோட்டில மாங்குளத்துக்குக் கிட்ட மோட்டச்சைக்கிள் கராச் வச்சிருக்கிற ஆள், கையில கிறீஸ் போகாது, கமராவைத் தொடமுன்னம் சவுக்காரம் போட்டு ரெண்டுதரம் கழுவோணும், அவ்வளவுதான்.

இந்த விசர் பிடிச்சது ஒரு ஐப்பசி மாசம். வாடைக்காத்து அப்பத்தான் தொடங்கினது. ஒரு ஐயா சைக்கிள் காண்டிலில சொப்பிங் பாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கராச்சுக்கு வந்து "தம்பி, விடிய எழும்பிப் பாக்க விறாந்தையில கிடந்தது, உயிர் இருக்கு, என்ன செய்யிற" எண்டார். திறந்து பாத்தா பச்சை முதுகு, செட்டையில நீலம், அடிவயித்தில சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கால மை பூசின மாதிரி கறுப்புப் பட்டி, வால் எண்டு சொல்ல ஒண்டுமில்லை. இவ்வளவு காலம் காட்டுக்குப் பக்கத்தில இருந்தும் நான் அப்பிடி ஒண்டைக் காணேல்லை. பட்டரி வந்த காட்போட் பெட்டியில ஓட்டை போட்டு, அதுக்குள்ள இருட்டில வச்சு, பின்னேரம் திறந்துவிட நேர காட்டுப்பக்கம் போட்டுது. அதுக்கு முன்னம் போனில ஒரு படம் எடுத்தனான். பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்குக் காட்டினன். மனுசி கண்ணாடியும் போடாமல் "உது ஆறுமணிக்குருவியெல்லோ" எண்டு சொன்னா. விடியவும் பொழுதுபடவும் ஆறு மணிபோலக் கத்திறதால அந்தப் பேர். பிறகு தேடிப் பாத்தா, இந்தியாவில இமயமலை அடிவாரப் பக்கமெல்லாம் குஞ்சு பொரிச்சுப்போட்டு மாரிக்கு இஞ்ச இறங்கிற குருவி, வந்த களைப்பில சிலது வீடு வளவுக்குள்ள விழுறதாம். எனக்கு அண்டைக்குப் பெரிய விசயமாத் தெரிஞ்சது குருவி இல்லை, அம்மம்மாதான். படத்தைக் காட்டினா பேர் வெளிய வருது, சும்மா "உங்களுக்கு என்னென்ன குருவி தெரியும்" எண்டு கேட்டா ஒண்டும் வராது. புத்தகத்தில தவிட்டுக்குருவி எண்டு இருக்கிறதை எங்கட சனம் புலுனி எண்டுதான் சொல்லும், கூட்டமா வந்து முத்தத்தில கிளறிச் சண்டை பிடிக்குமே அது, இந்த உலகத்திலயே தென்னிந்தியாவிலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இருக்கு, எங்கட வேலிக்குள்ள கிடக்கிறதால ஒருத்தரும் மதிக்கிறேல்லை.

பிறகுதான் கமரா. செக்கன்ஹாண்டில ஒரு கமரா பொடியும் தூரத்துக் குருவியைக் கிட்டக் காட்டிற 70-300 லென்சும் வாங்கினன், வித்தவர் "புதுசு மாதிரி" எண்டார். வீட்ட கொண்டுவந்து டோர்ச் அடிச்சுப் பாத்தா லென்சுக்கு உள்ளுக்க சிலந்திவலை மாதிரி பங்கசு, பூஞ்சணம். சரி போகட்டும், நானும் பழைய சைக்கிள் விக்கேக்க எல்லாத்தையும் சொல்லிப்போட்டோ விக்கிறன். வெயிலுக்கு எதிரா எடுத்தாத்தான் படம் புகார் மாதிரி வரும், வெயிலை முதுகில வச்சு எடுத்தாச் சமாளிக்கலாம். எங்கட மாரிக்கு லென்ஸ் வச்சிருக்கிற ஆக்கள் காத்துப்போகாத பெட்டியில, புதுச் சப்பாத்துக்குள்ள வருமே அந்தச் சிலிக்கா பைக்கற், அதையும் போட்டு வையுங்கோ, தோல் பாக்குக்குள்ள வைக்கவேண்டாம்.

எல்லாரும் என்னட்டக் கேக்கிறது சுண்டிக்குளத்துப் பூநாரைப் படம் இருக்கோ எண்டுதான். இருக்கு, தூரத்தில ரோஸ் கலர்ப் புள்ளியள் மாதிரி. 1938இல பறவைச் சரணாலயமாக்கி, 2015இல தேசியப் பூங்காவாக்கின இடம், போகத்தான் வேணும், ஆனா வருசத்துக்கு ஒருக்காப் போய் என்ன தெரியும்? நான் போறது எங்கட ஊர்ச் சின்னக்குளம். ஞாயிற்றுக்கிழமை விடிய அஞ்சரைக்கு அலைகரையில போய்க் குந்தியிருப்பன். நின்டா ஒண்டும் கிட்ட வராது, குந்தியிருந்தா அரை மணித்தியாலத்தில நீங்களும் ஒரு பத்தை. போதாததுக்கு அந்த ஆட்காட்டிக் குருவி இருக்கே, ஆளைக் கண்டாக் கத்துமே, அது ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சுக் களைக்குமட்டும் காத்திருக்கவேணும். காட்டில திரிஞ்ச எங்கட ஆக்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அங்க தாமரை இலைக்கு மேல நடக்கிற நீளவால்காரன் ஒருத்தன் இருக்கிறான், நீளவால் இலைக்கோழி. அவனை நூறு படத்துக்கு மேல எடுத்திருப்பன். ஒருநாள் மகளின்ர சித்திரக் கொப்பியில கீறிப் பாப்பம் எண்டு இருந்தன், கால்விரல் எவ்வளவு நீளம் எண்டு தெரியேல்லை. நூறு படம் எடுத்தவனுக்குத் தெரியேல்லை! படத்தை எடுத்தாப்பிறகு கமரா பாத்துக்கொள்ளும் எண்டு நாங்கள் பாக்கிறதை விட்டிடுறம், கீற வெளிக்கிட்டா பென்சில் விடாது. அதுக்குப் பிறகு பாத்துப் பாத்துக் கீறித்தான் தெரிஞ்சது, முட்டையில இருக்கிறதும் குஞ்சோட திரியிறதும் ஆம்பிளை. பொம்பிளை முட்டையை இட்டுப்போட்டு அடுத்த மாப்பிள்ளையிட்டப் போயிடும். (சிரிக்காதேங்கோ அக்கா, உண்மை.) ஜோர்ஜ் ஹென்றி எண்டொருத்தர், 1891இல இலங்கையில பிறந்து கொழும்பு மியூசியத்தில படம் கீறுற வேலையில இருந்தவர், 1955இல வந்த இலங்கைப் பறவைகள் வழிகாட்டியை எழுதினதும் அவர்தான், படம் கீறினதும் அவர்தான். அவருக்கு முன்னால இந்தக் கிறீஸ் கை எந்த மூலைக்கு.

இப்ப மரங்கொத்திக்கு வாறன், நான் இண்டைக்கு வந்ததே அதுக்குத்தான். யாழ்ப்பாணப் பக்கம் முதுகு மஞ்சள். தெற்க போனா முதுகு சிவப்பு, அது இலங்கையில மட்டும் இருக்கிற இனம், முந்தி ரெண்டையும் ஒண்டு எண்டுதான் வச்சிருந்தவை. நடுவில இருக்கிற எங்கட பக்கத்தில ரெண்டும் கலந்து தோடம்பழக் கலரில குஞ்சுகள் வரும். அப்ப வன்னியில ஒரு மரங்கொத்தியைப் படம் எடுத்தா, அதின்ர முதுகு என்ன கலர் எண்டுறது சும்மா வடிவுக்கு இல்லை. நான் என்ன செய்தன், ஒரு பின்னேரம் அஞ்சரை மணி வெயிலில, பாலைமரத்தில, அப்பிடியே பத்தி எரியிற மாதிரி ஒரு தோடம்பழ முதுகு எடுத்துப்போட்டு எல்லாருக்கும் அனுப்பித் துள்ளினன். நாலுநாள் கழிச்சு அதே மரத்தில அதே குருவி, மத்தியானம். மஞ்சள்!

எல்லாரும் சொல்லித் தாற அந்தப் பின்னேர வெயில், படத்துக்கு வடிவு, கலருக்குப் பொய். கமராவில ஓட்டோ வைட் பலன்சும், வெளிச்சத்துக்கு ஏத்தமாதிரி கலரைத் தானாத் திருத்திற விசயம் அது, தன்ர பாட்டுக்கு ஒண்டைச் செய்யும். இப்ப நான் சாம்பல் கலர்ப் பிவிசி பைப் துண்டு ஒண்டு பொக்கற்றில கொண்டு திரியிறன், குருவியை எடுத்த கையோட அந்த வெளிச்சத்திலயே பைப்பையும் ஒரு படம், வீட்ட வந்து பைப் சாம்பலா வருமட்டும் கலரைத் திருத்திறது. சரியான சாம்பல் இல்லைத்தான், ஆனா கண்ணை நம்பிறதை விடத் திறம். கொப்பியில திகதி, நேரம், மரம், வெயிலோ மப்போ எண்டு எழுதி, பக்கத்தில கலரைப் பூசி வைப்பன். ஆம்பிளைக்கு உச்சி முழுக்கச் சிவப்பு, பொம்பிளைக்கு முன்பக்கம் கறுப்பில வெள்ளைப் புள்ளி, அதையும் எழுதுறது. வடிவான படத்தைச் சுவரில கொழுவுறன், மத்தியானத்துப் படம் கொப்பிக்கு.

தம்பிமாருக்கு ஒண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிக்கிற பக்கம் ஒரு அடியும் வைக்காதேங்கோ, பலகை இல்லாட்டியும் மாடு நடக்கிற பாதையை விட்டு இறங்கவேண்டாம், மிதிவெடிக்கு நீங்கள் படம் எடுக்க வந்தனீங்கள் எண்டு தெரியாது. கூட்டுக்குக் கிட்டப் போகவேண்டாம், நீங்கள் போன தடத்தில காகம் வரும். தேவாங்குக்குப் பிளாஷ் அடிக்கவேண்டாம், அந்தக் கண் இரவுக்கு உண்டானது. அழுங்கு, ஆமை கண்டா எந்த இடம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, சொந்த மச்சானுக்கும்தான்.

ஆனா மரங்கொத்தி கண்டாச் சொல்லுங்கோ. கனகராயன்குளம், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மல்லாவி, எங்கயெண்டாலும், போன் படம் காணும். வயிறு வேண்டாம், முதுகு தெரியோணும். மத்தியானத்தில எடுங்கோ. பைப் துண்டு வேணுமெண்டா கராச்சில வெட்டி வச்சிருக்கிறன், காசு வேண்டாம். டீச்சர் கையைக் காட்டுறா, பிளேன்ரீ ஆறுதாம்.