மைதானத்தை அளந்து கல் நடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பந்தலுக்குத் தம் களத்துத் தார்ப்பாய்களைக் கொடுத்துதவிய பெரியவர் அவர்களே, காங்கேயத்திலிருந்தும் வெள்ளகோவிலிலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, பெற்றோர்களே, குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஓடிப் பிடிக்கும் விளையாட்டுகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, நொண்டி காலுக்குத் தரும் உறுதி. இரண்டு, 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாக இடம்பெற்ற நம் சடுகுடு. மூன்று, இவற்றுக்கெல்லாம் வேண்டிய இடம்; அந்த மூன்றாவதைத்தான் இன்று விரித்துச் சொல்லப் போகிறேன். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்று என் அம்மாயி அடிக்கடி சொல்வார். அதை நான் உணர்ந்தது கல்லா மண்ணா ஆட்டத்தில்தான்.

நான் படித்த பள்ளியின் நடுவே தரையோடு தரையாக ஒரு பாறை கிடந்தது. அதன் பாதியில் வேம்பின் நிழல் விழும். மறுபாதி பங்குனி வெயிலில் தோசைக்கல்லாகக் காயும். பட்டவனை, அதாவது மற்றவர்களைப் பிடிக்க வேண்டியவனைச் சூழ்ந்து நின்று “கல்லா, மண்ணா?” என்று கேட்போம். அவன் மண் என்றால் மண்ணெல்லாம் அவனுக்கு, கல் எங்களுக்கு; மண்ணில் இறங்கியவரைத் தொட்டுவிட்டால் அடுத்துப் பட்டவர் அவரே. கெட்டிக்காரன் உச்சி வேளையில் மண்ணைத்தான் கேட்பான். செருப்பில்லாத கால்களெல்லாம் நிழல் பக்கத்துக்கு அடித்துக்கொண்டு ஏறும். இடம் கிடைக்காத சின்னப் பிள்ளைகள் வெயில் பக்கத்தில் காலை மாற்றி மாற்றி ஊன்றி, சூடு பொறுக்காமல் குதித்து அகப்படுவார்கள். ஒருநாள் என் தங்கை உள்ளங்கால் கொப்பளித்து அழுதபோது, ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருவர் ஆட்டத்தை நிறுத்தி, “இனிமே நெழலு சின்னதுகளுக்கு, பெரியவங்கெல்லாம் வெயில்ல நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, தாமே முதலில் வெயிலில் போய் நின்றார். தங்கையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டோம். தொட்டாலும் அவள் பட்டவள் ஆகமாட்டாள்.

இன்று அந்தப் பாறையைத் தகர்த்து, வேம்பையும் வெட்டி, வண்டிகள் நிறுத்தச் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். மண் என்று கேட்க அங்கே மண் இல்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும். மரமே போன பிறகு தெரிந்து என்ன செய்வது?

இந்தப் பள்ளிக்கு அது நேரக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுப்பறையோடும் குடிநீரோடும் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்தே கேட்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அக்குழுவே. ஆகவே புதிய வகுப்பறைகளைப் புளியமரத்தடி மைதானத்தில் எழுப்பாமல், பழைய ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்திலேயே கட்ட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். தலைவர் அவர்கள் சர்வேயரை அழைத்து மைதானத்தை அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டுத் தர வேண்டும். ஆடுமாடு புகாமலிருக்க வேலி வேண்டுமென்றால், நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு வேலியாக நிற்கும் கிலுவை முள்மரமே போதும்; நட்டால் துளிர்க்கும் அதன் போத்துகளை வெட்டி நானே வண்டியில் கொண்டுவருகிறேன்.