அடுக்குமாடிக் குடியிருப்பில் குப்பை செல்லும் வழி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ குப்பை என்று வைத்துக்கொண்டாலே, 200 வீடுகள் உள்ள குடியிருப்பில் அது 100 கிலோ ஆகிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அந்த அளவைத் தாண்டும் வளாகங்களைத் தனி வகையாகப் பிரித்து, மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தன. சென்னையில் பெருங்குடிக் கிடங்கிலும் கொடுங்கையூர்க் கிடங்கிலும் குப்பை மலைபோல் குவிந்ததைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பில் இருந்தபோது, குப்பையைப் பிரித்துக் கொடுக்காத வீடுகள்தாம் சிக்கலுக்குக் காரணம் என்று நானும் நம்பினேன். பிறகு ஒரு வாரம் எங்கள் தூய்மைப் பணியாளருடன் மாடி மாடியாக நடந்தேன். பெரும்பாலான வீடுகள் பிரித்தே கொடுத்தன. ஆனால் அந்த அம்மாவிடம் இருந்தது ஒரே தள்ளுவண்டி. லிஃப்டில் குப்பையை இறக்கக் காலையில் ஒரு மணி நேரமே அனுமதி. நான்காம் மாடிக்கு வருவதற்குள் வண்டி நிரம்பி, மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே பையில் கலந்துவிட்டன. குறை அவரிடம் இல்லை; நாங்கள் வகுத்த வழியில்தான் இருந்தது.

ஆகவே மக்காத குப்பையைப் புதனும் சனியும் மட்டும் எடுப்பதென்று மாற்றினோம். கழுவாத ஒரு பால் கவர் பை முழுவதையும் நாறச் செய்துவிடும். கழுவி உலர்த்தியதைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். சானிட்டரி நாப்கின்களைத் தாளில் சுற்றித் தனிக் கூடையில் அன்றாடம் கொடுக்கச் சொன்னோம்.

உரத்தொட்டி விஷயத்தில் எங்களுக்கே வியப்பு காத்திருந்தது. காய்கறிக் கழிவின் மேல் பரப்பத் தென்னை நார்க்கழிவை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். அதே மாதம் தோட்டத்துச் சருகை அள்ளிச் செல்ல லாரிக்குக் கூலியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். தோட்டக் கணக்கும் குப்பைக் கணக்கும் வெவ்வேறு ஏடுகளில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது காற்றில்லாத கீழ்த்தளத்திலிருந்து தொட்டிகளைத் தோட்டத்து ஓரத்துக்கு நகர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் சருகையே இடுகிறோம். உரத்தைக் கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வடியக் கூடாது. வடிந்தால் காற்று புகாமல் நாற்றம் எழும், மறுநாளே புகார் வரும்.

ஒவ்வொரு பிளாக்கின் குப்பை எடையையும் அன்றன்றே ஒரே ஏட்டில் குறிக்கிறோம். ஒரு பிளாக்கில் மக்கும் குப்பையின் எடை திடீரெனக் குறைந்தால், அது எங்கோ கலக்கிறது என்று பொருள். அன்று மாலையே அந்தப் பிளாக்குக்குச் சென்று பார்க்கிறோம்.