பாதித் தூண்

வந்திருக்கிற அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். "இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கல் கட்டடம், மட்டப்பா, கதவு நிலை சகிதம்" என்று ஒரே வரியில் எத்தனையோ வீடுகளை அடைத்திருக்கிறேன். அந்த வரிக்குள் அடங்காததைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தாத்தா வீடு. ஆள் உயரத்துக்குக் கருங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புக் காரையில் செங்கல். திண்ணை, தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், முற்றம், அடுக்களை. நடுவில் அரங்கு, அதற்கு ஜன்னல் கிடையாது. நெல், நகை, பத்திரம் மூன்றுக்கும் அதுதான் இருப்பிடம். மட்டப்பாவை, அதாவது தட்டையான மேல்தளத்தை, அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைப் படுக்கப் போடாமல், விளிம்பில் நிறுத்திச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கியது அது. அவர்களுடைய கூலிக் கணக்கு எந்தப் பத்திரத்திலும் இல்லை.

தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்தது. அப்புறம் சுண்ணாம்புக்கு நம் பக்கத்தில் மதிப்புக் குறைந்துபோனது. நானும் விதிவிலக்கல்ல. அடுக்களைச் சுவரில் காரை உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசினேன். இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வந்து பார்த்த கிழட்டுக் கொத்தனார், "சுவத்துக்கு மூக்கைப் பொத்திட்டீகளே அண்ணாச்சி" என்றார்.

சரி, வீடு யாருடையது? நம் பக்கத்துப் பழைய பத்திரத்தைக் கையில் எடுத்தால் முதலில் வருஷத்தைக் கவனியுங்கள். மலையாளத்தார் கணக்கான கொல்லம் ஆண்டாக இருக்கும். நமக்கு அது ஆவணியில் பிறக்கும். ஆங்கில வருஷம் கிடைக்க, தை முதல் ஆடி வரை என்றால் 825 கூட்டணும், ஆவணி முதல் மார்கழி வரை என்றால் பெரும்பாலும் 824. உதாரணமாக, கொல்லம் 1052 ஐப்பசி என்றிருந்தால் அது 1876. தாது வருஷப் பஞ்சம். அந்த வருஷத்தில் கைமாறிய வீடு என்றால், என்ன விலைக்கு, ஏன் என்று கேட்கத் தோன்றும்.

எங்கள் மூலப்பத்திரத்துக்குப் பிறகு ஒரு ஒத்தி, அதாவது கடனுக்கு ஈடாக வீட்டையே அனுபவிக்கக் கொடுத்தது. அது மீட்கப்பட்டது. அடுத்தது பாகப்பிரிவினை. தாத்தாவும் அவர் தம்பியும் முற்றத்தின் நடுவில் கோடு கிழித்தார்கள். கிணற்றில் ஆளுக்குப் பாதித் தண்ணீர்ப் பாத்தியம், நடைபாதை பொது. கூடப்பிறந்த அக்காள் ஒருத்தி இருந்தாள். பத்திரத்தில் அவள் பெயரே இல்லை. அப்போது சட்டமே அப்படி. தமிழ்நாட்டில் 1989-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது, அதுவும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டு. 2005-இல்தான் மத்தியச் சட்டத்திலேயே வந்தது. அதற்குப் பிறகும், ஒரு பட்டுச்சேலையை வாங்கிக்கொண்டு தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அக்காமார் எத்தனை பேர்! எழுதிக் கொடுத்தவன் நான்தான். இங்கேயும் சிலர் இருக்கலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோடு கிழித்த இடத்தில் தாமரை செதுக்கிய ஒரு கல் தூண் நின்றது. அதை நகர்த்த முடியாமல், தூணையும் உள்ளே வைத்தே சுவர் எழுப்பினார்கள். எங்கள் பக்கம் பாதித் தாமரை, அவர்கள் பக்கம் பாதித் தாமரை. சின்ன வயதில், தாமரை என்றாலே பாதிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் இரு வீட்டுப் பிள்ளைகளும் பேசி அந்தச் சுவரை இடித்தார்கள். எங்கள் பக்கத்து இதழ்களில் விளக்குப் புகை, அவர்கள் பக்கத்தில் வருஷாவருஷம் அடித்த வெள்ளை. சுவருக்குள் இருந்த சாண் அகலத்தில் மட்டும் உளி பட்ட தடம் அப்படியே, நேற்றுக் கொத்தியது மாதிரி இருந்தது.