தாளைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஏழு பேர் சேர்ந்து மாதம் ஒரு தமிழ்த் தாள் நடத்துகிறீர்களே, அதை எப்படி நடத்துகிறீர்கள், யார் படிக்கிறார்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டார்கள். யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி எங்களுக்கும் முதல் மாதமே வந்துவிட்டது. அதை எழுப்பியது ஒரு சுண்டல் பொட்டலம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்துக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை மாலையில் கோயில் ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே டீ குடிக்கும்போது பிறந்த யோசனைதான் இந்தத் தாள். பெரிய தாள் ஒன்றை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். விலை ஐந்து ராண்ட். முதல் இதழை இருநூறு படி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று கொடுத்தோம். எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்து ஹாலுக்குள் போனால், பிரசாதச் சுண்டலை அதில்தான் மடித்து வைத்திருந்தார்கள். நான் ராத்திரி கண்விழித்து எழுதிய தலையங்கத்தின் மேல் வட்டமாக எண்ணெய்.

கோபப்பட ஒன்றுமில்லை. எங்கள் முன்னோர் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியது 1860 நவம்பர் 16. அன்று இறங்கியவர்கள் 342 பேர். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புவது 1911-இல் நிற்பதற்குள் இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐந்து தலைமுறை, ஆறு தலைமுறை ஆகிவிட்டது. இன்று எங்கள் ஊரில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணீர் வரப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டு தெரியும், எழுத்து தெரியாது. அவர்கள் கையில் நாலு பக்கம் தமிழைக் கொடுத்தால் சுண்டல்தான் மடிப்பார்கள்.

அன்றைக்கு ஓர் ஆயா மட்டும் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கண்ணு, இதுல என்ன போட்டிருக்கு? கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆறு பேர். அதில் ஒருவர் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து, "இந்தப் பக்கமும் வாசிங்க" என்று நீட்டினார்.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று கொஞ்ச காலம் பெருமையாக இருந்தோம். அப்புறம் பார்த்தால், இதே ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது. 1903 ஜூனில் டர்பனில் 'இந்தியன் ஒப்பீனியன்' என்ற பத்திரிகை தொடங்கியது. அச்சகம் மதன்ஜித்துடையது, முதல் ஆசிரியர் மன்சுக்லால் நாசர். பணத்துக்கும் எழுத்துக்கும் பின்னால் நின்றவர் காந்தி. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நாலு மொழி. பத்திரிகை வந்ததும் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசிப்பாராம், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். தனியாகச் சந்தா கட்ட முடியாதவர்கள் சிலர் கூடி ஒரு பிரதி வாங்குவார்களாம். காந்தியே எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்றே எங்கள் அச்சு எண்ணிக்கையை இருநூறிலிருந்து எண்பதுக்குக் குறைத்தோம். வாசிப்பு நாளை மாதம் ஒன்றிலிருந்து மூன்றாக்கினோம்.

சரி, ஏழு பேர் எப்படிச் சேர்ந்து எழுதுகிறோம்? சண்டை போட்டுக்கொண்டுதான். எங்களில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், ஒரு பிளம்பர், ஒரு மருந்துக்கடைக்காரர், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த ஓர் அக்கா. டீச்சர்கள் இரண்டு பேர். மாதம் ஒருவர் ஆசிரியர். அந்த மாதம் அவர் சொன்னதுதான் முடிவு, மற்ற ஆறு பேரும் அடுத்த மாதம் வரை முனகிக்கொள்ளலாம்.

பெரிய சண்டை வந்தது ஆடி மாதம். பஸ் டிரைவர் மாரியம்மன் கோயில் கூழைப் பற்றி எழுதியிருந்தார். இங்கே எல்லாரும் சொல்கிறபடியே 'போரிட்ஜ் பிரேயர்' என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தார். திருச்சி அக்கா அதை அடித்துவிட்டு 'கூழ் வார்த்தல்' என்று திருத்தினார். இவர் விடவில்லை. "எங்க அம்மா இருபது வருஷம் கிண்டினது போரிட்ஜ் பிரேயருக்குத்தான்" என்றார். அந்த மாத ஆசிரியர் நான். தெரிந்த தமிழெல்லாம் எனக்கும் அக்கா பக்கம்தான் இழுத்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வாசித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எது வார்த்தல்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அன்றிலிருந்து வழக்கம் இதுதான்: கேட்கிறவர்கள் வீட்டில் புழங்கும் சொல் முதலில் வரும், தமிழ்நாட்டுச் சொல் கூடவே வரும். இப்போது சிலர் வேண்டுமென்றே 'கூழ் வார்த்தல்' என்கிறார்கள், அக்காவைச் சிரிக்க வைக்க.

அந்த அக்கா இல்லாவிட்டால் எங்கள் மூன்றாம் பக்கமே இல்லை. அதன் தலைப்பு 'எந்தக் கப்பல்?'. ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் எல்லாம் பதிந்தார்கள். பதிந்தது வெள்ளைக்கார குமாஸ்தாவின் காது. எங்கள் குடும்பப் பேர்களைப் பாருங்களேன். முதலிதான் மூட்லி ஆனார், படையாட்சி படயாச்சி ஆனார், கவுண்டர்தான் கவேண்டர் என்பார்கள். ஒரு நாள் ஒரு குடும்பம் பழைய தாள் ஒன்றின் படியைக் கொண்டுவந்தது. ஊர்ப் பேர் 'வாண்டிவாஷ்'. மூன்று தலைமுறையாக வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஏதோ ஆங்கிலப் பேர் வைத்த ஊர், இப்போது இருக்காது என்று நினைத்திருக்கிறார்கள். நாங்களும் முழித்தோம். அக்கா தாளைக் கையில் வாங்கி, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது நம்ம வந்தவாசிங்க!" என்றார். அங்கே நிற்கிற பஸ்ஸில் பேரே அப்படித்தான் போட்டிருக்கும் என்று சொன்னதும் அந்த வீட்டுப் பெரியவர் நாற்காலியைத் தேடினார். அந்த மாதம் அவர்கள் மட்டும் பன்னிரண்டு படி வாங்கிக்கொண்டு போனார்கள். மறு மாதம் வேறு நாலு வீட்டார் பழைய தாள்களோடு வந்தார்கள்.

இயந்திரக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். காந்தி 1904-இல் அச்சகத்தை டர்பனிலிருந்து பதினாலு மைல் தள்ளி ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார். அங்கே முதல் இதழ் அடிக்கிற இரவு எண்ணெய் இயந்திரம் நின்றுவிட்டது. கையால் சுற்றுகிற சக்கரம் இருந்தது, ஆனால் அதற்கு மாற்றி மாற்றி நாலு ஆள் வேண்டும். எல்லாரும் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தார்கள். கட்டட வேலை முடியாததால் தச்சர்கள் அங்கேயே படுத்திருந்தார்கள். அவர்களை எழுப்பிக் கேட்டதும் உடனே வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விடிந்த பிறகு இயந்திரத்தை மறுபடி தட்டிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியதாம்.

எங்கள் ஜெராக்ஸ் இயந்திரம் மருந்துக்கடையின் பின்னறையில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு நாற்பது படி ஒரு பக்கம் மட்டும் அடித்திருந்தோம், லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு, வந்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி மறுநாள் கல்யாணம். அங்கே ஜெனரேட்டர் போட்டு, சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பிளம்பர் போய்ப் பேசி ஒரு வயர் இழுத்துவிட்டார். வெங்காயம் உரித்த அக்காமார்களில் நாலு பேர் கூடவே வந்து, கை துடைத்தும் துடைக்காமலும் தாள் மடித்துக் கொடுத்தார்கள். அந்த இதழில் பாதிப் படிகளில் மஞ்சள் விரல் அடையாளம். வாசிக்கும்போது வெங்காய வாசனை. அந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்றும் வாசிப்புக்கு வருகிறார்கள்.

இனிச் சொல்லப்போவதில் எனக்குக் காந்தியோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'இந்தியன் ஒப்பீனியன்' 1906-இல் தமிழ், இந்திப் பகுதிகளை நிறுத்திவிட்டது. அவை பேருக்குத்தான் இருந்தன, எந்தக் காரியத்துக்காகத் தொடங்கினோமோ அது நடக்கவில்லை, தொடர்ந்து போட்டால் ஏமாற்று வேலையாகும் என்று காரணம் சொன்னார். நேர்மையான பேச்சுதான். ஆனால் பின்னால் நடந்த சத்தியாகிரகப் போராட்டத்தில் சிறையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். பதினாறு வயது வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தாள். அவர்களுக்கென்று ஒரு பக்கம் அத்தனை வருஷம் இல்லாமல் போனது இன்றும் எனக்கு உறுத்துகிறது. காந்தி சிறையில் ஜி.யு. போப்பின் தமிழ்ப் பாடப் புத்தகத்தை வைத்துப் படித்தார், போராட்டக்காரர்களின் குடும்பங்கள் தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையில் தெரிந்த அளவு தமிழைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். அவ்வளவு அக்கறை இருந்தவர், வாசகர்களிலேயே எழுதக்கூடிய ஆளைத் தேடியிருக்கலாம் என்பது என் குறை. 1908-இல் பி.எஸ். ஐயர் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்ற பத்திரிகையைத் தொடங்கி ஆங்கிலத்தோடு தமிழும் போட்டார். போட முடிந்திருக்கிறதே!

இப்படிப் பேசிக்கொண்டே நாங்களும் அதே ஏமாற்றைச் செய்துகொண்டிருந்தோம். நாலாம் பக்கம் 'இளைஞர் பகுதி'. எழுதியது யார்? அறுபதைத் தாண்டிய நானும் ஆலைத் தாத்தாவும். சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆச்சரியக்குறி நிறையப் போட்டு எழுதுவோம். என் வகுப்புக்கு வருகிற பதினேழு வயதுப் பெண் ஒரு நாள் கேட்டாள்: "ஆன்ட்டி, இந்தப் பசங்க யாரு? எங்க இருக்காங்க?" தாத்தா அன்று முழுக்க டீயைத் தொடவில்லை.

பகுதியை நிறுத்தினோம். ஆனால் பக்கத்தை எடுக்கவில்லை. வெறும் கட்டம் போட்டு, 'எழுதுகிறவர் வரும்வரை காலி' என்று ஒரு வரி. இரண்டு மாதம் அப்படியே போயிற்று. காலிப் பக்கத்துக்கும் சேர்த்து ஐந்து ராண்டா என்று கேலி செய்தார்கள். மூன்றாம் மாதம் அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த இரண்டு தாளைக் கொடுத்தாள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். புரட்டாசி விரதத்தில் கல்லூரி கேன்டீனில் பட்ட பாடு. சிநேகிதிகள் சிக்கன் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிட, இவள் பீன்ஸ் பன்னியோடு உட்கார்ந்திருக்கிறாள். இலக்கணம் ஓர் இடத்திலும் உட்காரவில்லை. நான் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன், திருத்தியது மூன்று இடம்தான். ஞாயிறன்று அவளே வாசித்தாள், தமிழ்த் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்குள் தன் ஆங்கில எழுத்துத் தாளை மறைத்து வைத்துக்கொண்டு. முன்வரிசை ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது. "பரவால்ல கண்ணு, மெதுவா வாசி" என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்துக்கு அவள் மூன்று பேரைக் கூட்டி வந்திருக்கிறாள். ஒருவன் எழுதுவதே இல்லை. படம் வரைகிறான், அது போதும்.

அடுத்த வாசிப்பு வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும். வீட்டில் பழைய ஒப்பந்தத் தாள், கப்பல் பேர், எண் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். மூலத்தாள் வேண்டாம், படி எடுத்து வந்தால் போதும். ஊர்ப் பேர் புரியவில்லை என்று கவலைப்படாதீர்கள், திருச்சி அக்கா இருப்பார். சுண்டலுக்கு இந்தத் தடவை தனித் தட்டு வைத்திருக்கிறோம்.