செய்தி போகும், பணம் போகாது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும்போது பணம் எங்கும் பயணம் போவதில்லை. போவது செய்தி மட்டும்தான். ஒரு பேரேட்டில் பற்று எழுதுகிறார்கள், இன்னொரு பேரேட்டில் வரவு வைக்கிறார்கள். தாமதமும் குளறுபடியும் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் வருபவை.

இரண்டு வங்கிகளும் ஒரே நாட்டில் இருந்தால் வேலை எளிது. இரண்டுக்கும் பொதுவாக மத்திய வங்கியில் கணக்கு இருக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்தையும் வந்த உடனே முழுத் தொகைக்குத் தீர்ப்பது ஒரு முறை. இன்னொன்று, சேர்த்து வைத்து நிகரத் தொகையை மட்டும் தீர்ப்பது. முதல் வங்கி இரண்டாவதற்கு 100 தர வேண்டும், திரும்ப 90 வர வேண்டும் என்றால் 10 மட்டும் கை மாறினால் போதும். முதல் முறையில் வங்கியின் கணக்கில் முழு 100-உம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பரிமாற்றம் வரிசையில் நிற்கும். அவர் பணம் வந்தால் நான் கட்டுவேன் என்று எல்லா வங்கிகளும் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்தால் மொத்த வரிசையும் முடங்கும். அதனால் பல அமைப்புகளில், ஒன்றுக்கொன்று ஈடாகும் பரிமாற்றங்களைக் கணினியே தேடிப்பிடித்து ஒரே நேரத்தில் தீர்த்துவிடும்.

எல்லை தாண்டினால் பொதுவான மத்திய வங்கி கிடையாது. ஒரு வங்கி மற்ற நாட்டு வங்கியிலேயே கணக்கு வைத்திருக்கும். அதைத் தன் பார்வையில் நாஸ்ட்ரோ என்று சொல்லும், அந்த வங்கி அதையே வாஸ்ட்ரோ என்று சொல்லும். இரண்டுக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு இடைநிலை வங்கிகள் வரும். 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் இவர்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் வலையமைப்பு. பணம் அதன் கையில் ஒருபோதும் இருப்பதில்லை.

அனுப்பிய 1,000 ஏன் 975 ஆகப் போய்ச் சேர்ந்தது என்றால், இடையில் இருந்தவர்கள் கட்டணம் எடுத்திருக்கிறார்கள். படிவத்தில் ஓ.யூ.ஆர். என்று குறித்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கு, பி.இ.என். என்றால் பெறுபவருக்கு, எஸ்.எச்.ஏ. என்றால் பங்கிட்டு. விலைப்பட்டியலில் (இன்வாய்ஸில்) உள்ள முழுத் தொகையும் போய்ச் சேர வேண்டுமென்றால் முதலாவதைக் குறியுங்கள்.

நேர வேறுபாடும் சிக்கல்தான். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் வங்கியை அதிகாரிகள் மூடினார்கள். அந்த வங்கிக்கு மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கொடுத்து முடித்திருந்தவர்களுக்கு நியூயார்க்கில் டாலர் வரவேண்டியிருந்தது. அங்கே அப்போது காலைப் பொழுது. டாலர் வரவில்லை. இந்த வகை ஆபத்துக்கு இன்றும் அந்த வங்கியின் பெயர்தான். இரண்டு நாணயங்களையும் ஒரே நேரத்தில் கைமாற்றும் சி.எல்.எஸ். அமைப்பு வந்தது 2002-இல்தான்.

கணக்கு எண்ணைத் தப்பாக அடித்தால்? பல நாடுகளில் பயன்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணான ஐபானில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்புக்கானவை. முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்கு நகர்த்தி, ஏ-க்கு 10, பி-க்கு 11 என்று எண்ணாக மாற்றி, 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு உதைக்கும். ஆனால் வேறொருவருடைய சரியான எண்ணை அடித்தால் இந்தச் சோதனை பிடிக்காது. பெயரை ஒப்பிடாமல் எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கும் அமைப்புகள் பல உண்டு.

அனுப்புபவர் அல்லது பெறுபவர் பெயர், பணப் பரிமாற்றத்துக்குத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் உள்ள யாருடனாவது ஒத்துப்போனால் பரிமாற்றம் நிறுத்தப்படும். முழுப் பெயரும் முகவரியும் முதலிலேயே கொடுத்திருந்தால் சீக்கிரம் விடுபடும். பணம் எங்கே நிற்கிறது என்று விசாரிக்கும்போது வங்கியிடம் அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யூ.இ.டி.ஆர். எண்ணைக் கேளுங்கள். கோடுகளோடு சேர்த்து 36 எழுத்துகள் கொண்ட அந்த எண், வழியிலுள்ள எல்லா வங்கிகளிடமும் ஒன்றேதான்.

தவறான கணக்கில் வரவு விழுந்த பிறகு அனுப்பிய வங்கி தானாகத் திரும்ப எடுக்க முடியாது. கோரிக்கை அனுப்பலாம். பொதுவாக, பெற்றவர் சம்மதித்தால்தான் பணம் திரும்பும். தவறு தெரிந்த அந்த நிமிடமே வங்கிக்குச் சொன்னால், செய்தி இன்னும் வழியில் இருக்கும்போதே நிறுத்த வாய்ப்புண்டு.